துண்டு போட்ட இடம்

பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கத் தெரியாதவனை எங்கள் காலத்தில் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். நான் பிழைக்கத் தெரிந்தவன். கல்யாணப் பந்தியில் கைக்குட்டை, ரேஷன் கடை வரிசையில் பை, சபா கச்சேரியில் பழைய பேப்பர் என்று எதைப் போட்டாலும் அந்த இடம் எனக்காகக் காத்திருந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இந்தத் திறமைக்கு வேலையில்லாமல் போயிற்று. அதை மறுபடியும் எடுத்துத் தூசு தட்டியது அமெரிக்காவில், அலபாமா கடற்கரையில். எதிராளி ஒரு கடலாமை. தோற்றது நான்.

மகள் இருப்பது அட்லாண்டாவில். அங்கிருந்து அலபாமா கடற்கரைக்குக் காரில் ஆறு மணி நேரம் போக வேண்டும். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி கல்ஃப் ஷோர்ஸ், ஆரஞ்ச் பீச் என்று அடுத்தடுத்து ஊர்கள். மணல் அப்படி ஒரு வெள்ளை. அப்பலாச்சியன் மலைப் பாறைகள் தேய்ந்து, ஆறுகளில் உருண்டு வந்து சேர்ந்த குவார்ட்ஸ் என்கிறார்கள். என் மனைவி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "மார்கழி முழுக்க நம்ம தெருவுக்கே போதும்" என்றாள்.

சென்னைக்காரனுக்குக் கடற்கரை என்பது வெயில் தாழ்ந்த பிறகு போகிற இடம். காற்று வாங்கி, சுண்டல் வாங்கி, காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வருவோம். உச்சி வெயிலில் கடற்கரையில் கிடப்பவனைப் பார்த்தால் போலீஸோ டாக்டரோ வர வேண்டும் என்று நினைப்போம். இங்கே காலை பத்து மணிக்கே குடும்பம் குடும்பமாக வந்து விரிக்கிறார்கள். பொழுது சாயும்வரை எழுந்திருப்பதில்லை. அந்த வெள்ளை மணல் வெயிலை வாங்கி முகத்திலேயே திருப்பி அடிக்கிறது. நிழல் இல்லாமல் முடியாது. அதனால் மாப்பிள்ளை ஒரு டென்ட் வாங்கினார். பத்தடிக்குப் பத்தடி, நாலு இரும்புக் கால், மேலே நீலத் துணி.

பெட்டியின் மேல் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே அதை விரிக்கும் படம் போட்டிருந்தது. "விடுங்க மாப்பிள்ளை, பந்தக்கால் நட்ட பரம்பரை" என்று நான் முன்னால் போனேன். முதலில் ஒரு கால் நீண்டது, மற்ற மூன்றும் நீளவில்லை. மூன்றையும் நீட்டியபோது முதல் கால் உள்ளே போய்விட்டது. மடக்குக் கீலுக்கு நடுவே என் ஆள்காட்டி விரல் மாட்டியது. மேலே துணியைப் போட்டதும் காற்று வந்து, பரம்பரையும் பந்தக்காலுமாக எங்களை இழுத்துக்கொண்டு பத்தடி தூரம் நகர்ந்தது. பக்கத்து டென்ட்டிலிருந்து ஒரு பெண், பள்ளிக்கூட வயசு இருக்கும், எழுந்து வந்து நாலு மூலையிலும் பையில் மணலை நிரப்பிக் கட்டிவிட்டுப் போனாள். நன்றி சொன்னேன். மனசுக்குள் அவ்வளவு நன்றி இல்லை.

இவ்வளவு கஷ்டப்பட்டு நிறுத்தியதை மாலையில் மடிக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. ஜூன் மாதம் அங்கே சூரியன் மறையவே எட்டு மணி நெருங்கும். பேரன் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். என் விரல் வீங்கியிருந்தது. டென்ட்டோ கடலைப் பார்த்த முதல் வரிசையில் இருந்தது.

"மாமா, ராத்திரி இங்க எதையும் விட்டுட்டுப் போகக் கூடாது. போர்டு வச்சிருக்காங்க."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. நாளைக்குக் காலைல இந்த இடம் நமக்குக் கிடைக்குமா? இதை யார் எடுத்துட்டுப் போகப் போறா?"

மாமனாரை எதிர்த்துப் பேசாத நல்ல பிள்ளை அவர். அந்த நல்ல குணத்தால்தான் டென்ட்டை இழந்தார்.

போர்டை நானும் படித்திருந்தேன். "காலடித் தடத்தை மட்டும் விட்டுச் செல்லுங்கள்" என்று தலைப்பு. 2016-இல் கல்ஃப் ஷோர்ஸும் ஆரஞ்ச் பீச்சும் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்கு முன்பு என்னைப் போன்ற பிழைக்கத் தெரிந்தவர்கள் டென்ட்டையும் நாற்காலியையும் இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போய்த் தூங்கினார்கள். உடைந்ததை விட்டுவிட்டு ஊருக்கும் போனார்கள். இப்போது சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கடற்கரையில் கிடப்பதெல்லாம் குப்பை. ஊர் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், திரும்பக் கிடைக்காது. டென்ட் பத்தடிக்குப் பத்தடியைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் பள்ளம் தோண்டக் கூடாது. எல்லாம் புரிந்தது. ஆனால் எந்தப் போர்டையும் படித்தவுடன் இது மற்றவர்களுக்கு எழுதியது என்று தோன்றுகிற ஒரு வரம் எனக்கு உண்டு.

மறுநாள் விடியற்காலையில் இடத்தைப் பார்க்கப் போனேன். இடம் இருந்தது, டென்ட் இல்லை. மடக்கு நாற்காலிகள் இல்லை. நாற்காலியின் மேல் மடித்து வைத்திருந்த பவானி ஜமுக்காளமும் இல்லை. அந்த ஜமுக்காளம் என் மாமியார் கொடுத்தது. அலபாமா வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு வந்தவள் என் மனைவி. டென்ட் போனதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜமுக்காளம் போனதற்கு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அங்கே ஓர் அம்மா குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயது இருக்கும், தலையில் தொப்பி. மே முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசிவரை ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவம். முட்டையிடும் மாதங்களில் தினமும் விடியலில் தன்னார்வலர்கள் கரை முழுக்க நடந்து, இரவில் ஆமை ஏறிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடத்தின் முடிவில் முட்டைக் குழி இருந்தால் சுற்றிலும் குச்சி நட்டு நாடா கட்டுவார்கள். இவர் அவர்களில் ஒருவர். நான் காணாமல் போன சொத்தைப் பற்றி விசாரிக்கத்தான் அவரிடம் போனேன். அவர் என்னை நிறுத்தி, கீழே பார்க்கச் சொன்னார்.

மணலில் ஒரு பட்டை ஓடியது. நடுவில் உடம்பு இழுபட்ட வழுவழுப்பு. இரு பக்கமும் துடுப்பு தள்ளிய தடம், இடது ஒன்று, வலது ஒன்று என்று மாறி மாறி. இது பெருந்தலை ஆமை என்றார். பச்சை ஆமையாக இருந்தால் இரண்டு துடுப்பையும் ஒரே நேரத்தில் ஊன்றியிருக்கும், தடம் ஜோடி ஜோடியாக விழும். பட்டை கடலிலிருந்து நேராக மேலே வந்தது. ஓரிடத்தில் வளைந்தது. வளைந்து மறுபடி கடலுக்கே போய்விட்டது. குழி இல்லை, முட்டை இல்லை. வளைந்த இடத்துக்கு நாலைந்து எட்டு தள்ளி நாலு ஓட்டைகள் சதுரமாக இருந்தன. நேற்று என் விரலை நசுக்கிய கால்கள் நின்ற இடம்.

"என் டென்ட்டாலயா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா நல்லவர். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஏறி வருகிற ஆமைகளில் பாதிவரைகூட ஒன்றுமில்லாததற்கே திரும்பிவிடுவதுண்டு. வெளிச்சம், ஆள் நடமாட்டம், மணலின் பதம், எதுவும் காரணமாகலாம். ஆனால் நாற்காலியிலோ டென்ட் காலிலோ முட்டிக்கொண்டால் அநேகமாகத் திரும்பிவிடும். கயிற்றில் சிக்கினால் அதுவும் முடியாது. நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள உடம்பு, கடலில் பறக்கிற துடுப்பை வைத்துக்கொண்டு கரையில் இழுத்து இழுத்து வருகிறது. அந்த உழைப்பு முழுக்க வீண். வேறு இரவோ வேறு இடமோ பார்த்து மறுபடி ஏற வேண்டும். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஒன்றும் சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா இருப்பது என் ஜாதகத்தில் இல்லை. எங்கள் சென்னையிலும் ஆமை உண்டு என்று ஆரம்பித்தேன். பங்குனி ஆமை, இந்த வளைகுடாவில் இருக்கும் கெம்ப்ஸ் ரிட்லி ஆமைக்குப் பங்காளி, அந்த இனத்தில் உலகத்தில் இருப்பதே இந்த இரண்டு வகைதான் என்றேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மாணவர்கள் 1988-லிருந்து இரவு இரவாக நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்படியா! நீங்களும் அவர்களோடு நடந்திருப்பீர்களே?" என்று கேட்டார்.

என் வீடு திருவான்மியூரில். அந்த மாணவர்கள் நடக்கிற மணல் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பொதுமக்களையும் வார இறுதி இரவுகளில் கூட்டிக்கொண்டு போவார்கள். போக வேண்டும் என்று ஒவ்வொரு தை மாதமும் நினைப்பேன். தையில் பனி. மாசியில் முழங்கால் வலி. பங்குனியில் கணக்கு முடிக்கிற மாதம் என்று ஆபீஸில் இருந்தபோது ஒரு காரணம், ஓய்வு பெற்ற பிறகும் பழக்கத்தால் அதே காரணம். சித்திரையில் பருவமே முடிந்துவிடும். வாசலில் நடப்பதைப் பார்க்காதவன் ஒன்பதாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். "முழங்கால்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, இரண்டுமே மாற்றியது என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்து அறிவியலில் இறங்கினேன். ஆமை முட்டையில் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகள். இன்னும் ஏறினால் முட்டையே கெட்டுவிடும். பூமி சூடாகிக்கொண்டே போவதால் எல்லாம் பெண்ணாகப் பிறக்கிறது என்ற கவலை பல நாடுகளில் இருக்கிறது. பொரிப்பகங்கள் சிலவற்றில் மேலே நிழல்வலை கட்டுகிறார்கள். இதையெல்லாம் எங்கோ படித்து வைத்திருந்தேன். ஆக, என் டென்ட் ஆமைக்கு நிழல் கொடுக்கத்தான் நின்றது என்று சொல்லலாம் இல்லையா என்றேன்.

"முட்டைக்கு நிழல் வேண்டுமென்றால் முதலில் முட்டை வேண்டும்" என்றார் அந்த அம்மா.

அன்று நான் வாங்கிய அடிகளிலேயே சுத்தமான அடி அதுதான். இன்னொன்றும் சொன்னார். சில முட்டைக் குழிகள் யார் கண்ணிலும் படாமல், குச்சியும் நாடாவும் இல்லாமல் இருந்துவிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல், சுமார் இரண்டு மாதம் மணலுக்குள் இருக்கும். மேட்டு மணலின் விளிம்பில் கம்பை ஆழமாகக் குத்துகிறவர்கள் எதைக் குத்துகிறோம் என்று தெரியாமல் குத்துகிறார்கள். அதனால் டென்ட்டையும் குடையையும் மேட்டிலிருந்து தள்ளி, கடல் பக்கமாக நடுவது நல்லது. நிழலும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும்.

அன்று பகலில் டென்ட் இல்லாததால் மகள் வாடகைக் குடை எடுத்தாள். நான் பிராயச்சித்தமாகப் பேரனோடு விளையாடினேன். கோட்டை கட்டினோம். கோட்டை என்றால் அகழி வேண்டும். அகழி என்றால் ஆழம் வேண்டும். பேரன் இடுப்பளவு இறங்கி நின்றான். நான் கரையில் நின்று செஞ்சிக் கோட்டையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து பள்ளத்தைப் பார்த்தார், போர்டு இருக்கும் திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது பேரன்தான். "தாத்தா, ஆமைக்குட்டி இதுக்குள்ள விழுந்தா எப்படி ஏறும்?" குஞ்சு என் உள்ளங்கையைவிடச் சின்னது. மணலுக்கு மேலே வந்த இரவே கடலுக்கு ஓட வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் நண்டுக்கும் பறவைக்கும் இரை. தோண்டும்போது இளமை திரும்பியது. மூடும்போது வயசு திரும்பியது. மூடி முடிப்பதற்குள் கோட்டையையும் நானே மிதித்துவிட்டேன்.

இரவில் இன்னொரு கூத்து. ஆமையைப் பார்க்காமல் ஊருக்குப் போவதில்லை என்று செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கரைக்கு இறங்கினேன். கரைக்கு ஏறுகிற ஆமையை வெளிச்சம் விரட்டிவிடும், குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். அதனால்தான் கரையோரக் கட்டடங்களில் கடல் பக்கத்து விளக்குகளைக் குறைத்தும் மறைத்தும் வைக்கிறார்கள். அம்பர் நிறத்துக்கும் சிவப்புக்கும் மாற்றுகிறார்கள். இதையும் காலையில் அந்த அம்மாவுக்கு நானே விளக்கியிருந்தேன். "அப்பா, டார்ச்!" என்று மகள் மாடியிலிருந்து கத்தினாள். அணைத்தேன். இருட்டில் யாரோ மூடாமல் விட்ட இன்னொரு பள்ளத்தில் விழுந்தேன். நண்டு ஒன்றும் என்னைத் தின்னவில்லை என்பதைத் தவிர, ஆமைக்குஞ்சு படுகிற பாடு அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

விழுந்த காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆதரவாக நானே வாதாடிப் பார்த்தேன். டென்ட் ஒரு குற்றமா? பெரிய திருடர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! 2010-இல் இதே வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, அலபாமா, ஃப்ளோரிடா கரைகளிலிருந்து முட்டைகளைக் குழி குழியாகத் தோண்டியெடுத்து, லாரியில் ஏற்றி, அட்லாண்டிக் பக்கம் கென்னடி விண்வெளி மையத்துக்குக் கொண்டுபோய்ப் பொரிக்க வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. இழுவை வலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாகிறவைதான் பெரும்பாலும். இதற்கெல்லாம் முன்னால் ஒரு நீலத் துணி எம்மாத்திரம்? வாதம் பிரமாதமாக இருந்தது. ஒரே குறை, எண்ணெய்க் கிணற்றையும் இழுவை வலையையும் என்னால் மடித்து வைக்க முடியாது. மடித்து வைக்கக் கூடியது டென்ட் ஒன்றுதான். அதைத்தான் நான் மடிக்கவில்லை.

சில ஊர்கள் மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று முடிவுகட்டிவிட்டன. தென் கரோலினாவின் மிர்டில் பீச்சில் கோடைக்காலத்தில் டென்ட்டே கூடாது, குடை மட்டும்தான். அங்கே முக்கியக் காரணம் ஆமைகூட இல்லை. வரிசை வரிசையாக நிற்கும் டென்ட்டுகளுக்கு நடுவே உயிர்காப்பாளருக்குக் கடல் தெரிய வேண்டும், அவசர வண்டிக்கு வழி வேண்டும். எனக்கு அலபாமாவின் முறை பிடித்திருக்கிறது. வெயில் பொய்யில்லை, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் தோல் வியாதிக்காரர்களுக்கும் நிழல் ஆடம்பரமும் இல்லை. ஆமைக்குப் பகலில் அந்த மணல் அநேகமாகத் தேவைப்படுவதில்லை. பெருந்தலை ஆமை வருவது இரவில். ஒரே இடம், இரண்டு ஷிப்ட். முதல் ஷிப்ட்காரன் நேரத்துக்குக் கிளம்பினால் சண்டையே இல்லை. பகைமாதிரித் தெரிவதெல்லாம் சூரியன் மறைந்த பிறகு வருகிற அந்த ஒரு மணி நேரத்துச் சோம்பல்தான்.

இடம் யாருடையது என்று பார்த்தாலும் என் கட்சி நிற்காது. பெண் ஆமை பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை பிடித்து, தான் பிறந்த கரைப்பக்கமே திரும்பி வருகிறது. முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகும். அதுவும் வருஷா வருஷம் வராது, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான். என் மகள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தக் கரையில் துண்டு போட்டுவிட்டுப் போனவள் அவள். நான் முந்தின நாள் போட்டவன். இந்தத் துறையின் சட்டப்படி யாருக்கு இடம் என்பது எனக்கே தெரியும்.

ஊர் திரும்புவதற்குள் மாப்பிள்ளை இன்னொரு டென்ட் வாங்கினார். இந்தத் தடவை சூரியன் இருக்கும்போதே மடிக்க ஆரம்பித்தோம். நாலு காலும் ஒழுங்காக உள்ளே போயின. ஆனால் பை வாங்க மறுத்தது. கடையிலிருந்து வந்தபோது அதே பைக்குள் இருந்ததுதான், ஒருமுறை வெளியே வந்த பிறகு அதன் பிடிவாதமே வேறு. மாப்பிள்ளை அமுக்க, மகள் இழுக்க, நான் யோசனை சொல்ல, கடைசியில் என் மனைவி என் யோசனையை நிறுத்தச் சொன்னதும் ஜிப் மூடியது.

அனுபவஸ்தன் என்ற முறையில் அலபாமா பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டென்ட் வாங்குவதற்கு முன் அதைப் பைக்குள் திரும்ப வைக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் குடை வாங்குங்கள். குடையை மடிப்பது சுலபம். எனக்கு மகள் அதையும் வாங்கித் தரவில்லை. குடையை எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடுவதில் நான் டென்ட்டைவிடப் பெரிய அனுபவஸ்தன் என்று அவளுக்குத் தெரியும்.